வடிவம்மாளுக்கு அரை வரி

ஊர் காலியாகும் அத்தியாயத்தை வாசித்து முடித்த மறுநாள் காலையில், கதைக்குள்ளிருந்து மூட்டை முடிச்சோடு கிளம்பிய சனங்கள், கதையை வாசித்தவர்களின் வாசலில் ஆளுக்கு ஒருவராக வந்து நின்றார்கள். அதில் வடிவம்மாள் வந்து நின்றது ஈரோட்டில் ருக்குமணி வீட்டு வாசலில். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த ருக்குமணி, பழுப்பேறிய வெள்ளைச் சேலையும் கக்கத்தில் ஒரு துணி மூட்டையும் முழங்கால் வரை புழுதியுமாக நின்றவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யார் எவர் என்று ஒரு வார்த்தை கேட்காமல், "உள்ள வாங்கக்கா, மொதல்ல தண்ணி குடிங்க" என்றாள். பஞ்சம் பிழைக்கப் புறப்பட்டவர்கள் எங்கேயாவது போய்ச் சேர்ந்துதானே ஆக வேண்டும். இங்கே வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த நாவலின் பேர் 'ஏழு மதகு'. தலையணை பருமன். மழை பொய்த்துப்போன ஒரு கண்மாய்க்கரை ஊரையும், அதில் பெரிய வீடு என்று பேர் வாங்கிய ஒரு குடும்பத்தையும் பற்றிய கதை. எல்லா நூலகத்திலும் இருக்கும், படித்திருக்கிறேன் என்று எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள், முடித்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படி முடிக்க முடியாமல் கிடந்தவர்களையும் எப்போதோ படித்து மறந்தவர்களையும் ஊர் ஊராகத் தேடிப் பிடித்துக் கைப்பேசியில் ஒன்றுசேர்த்தவர் தூத்துக்குடி அருள்தாஸ். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லோரும் இணைப்பில் வர வேண்டும், முறை வைத்து ஒருவர் ஓர் அத்தியாயத்தை உரக்க வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பேச வேண்டும். யாரும் முந்திப் போய்ப் படிக்கக் கூடாது, யாரையும் விட்டுவிட்டும் போகக் கூடாது. முறை வந்தவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் தேறி வரும்வரை மொத்தக் குழுவும் அதே இடத்தில் நிற்கும். ஆரம்பத்தில் புத்தகத்தை மடியில் விரித்துவைத்து வரிக்கு வரி விரல் வைத்துத் தொடர்ந்தவர்கள், போகப் போகப் புத்தகத்தையும் மூடிக் கண்ணையும் மூடிக்கொண்டு, வாசிக்கிறவர் குரலை நம்பிக் கேட்கப் பழகிவிட்டார்கள்.

வந்தவர்களை வைத்துக்கொள்வதில் யாருக்கும் பெரிய குழப்பம் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு மணியக்காரர் வந்திருக்கிறார், மின்விசிறியைப் போட்டால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறார் என்று மதுரையிலிருந்து ஒருவர் எழுதினார். உங்களுக்காவது மணியக்காரர், எங்களுக்கு வந்திருப்பது அவருடைய எருமை, நாலாவது மாடியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சென்னையிலிருந்து ஒருத்தி எழுதினாள். அவளுடைய குடியிருப்புச் சங்கத்தார் கூடிப் பேசி, எருமை மின்தூக்கியில் ஏறக் கூடாது, படியில் ஏறலாம் என்று முடிவு செய்தார்கள். ஈப்போவில் இருந்த சபாபதி வீட்டுக்குப் பெரிய வீட்டுப் பெரியவரே போயிருந்தார். கடல் தாண்டி எப்படிப் போனார் என்று யாரும் கேட்கவில்லை, அங்கே வெற்றிலை கிடைக்கிறதா என்றுதான் கேட்டார்கள். அவருடைய நிறைமாத மருமகள் குஞ்சரம், மேலப்பாளையத்தில் நஸீமா டீச்சர் வீட்டில் இருந்தாள். நஸீமாவின் மாமியார் அவளைக் குனிந்து ஒரு குடம் தூக்கவிடவில்லை.

ருக்குமணியின் தெருவில் எதிர்வீட்டுப் பழனாத்தாள் மட்டும் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு, "ஒறம்பரைங்களா?" என்று கேட்டாள். ஆமாம், உறவுதான் என்று ருக்குமணி சொன்னதும், "இருக்கட்டுமுங்க, ஒண்டியா இருக்கறதுக்கு ஒரு தொணை" என்று சொல்லிவிட்டு, வீட்டில் இருந்த கம்பு மாவில் ஒரு படி கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒண்டியாக இருப்பது என்றால் என்ன என்று ருக்குமணிக்கு நன்றாகத் தெரியும். தொலைபேசி இலாகாவில் இருந்த காலமெல்லாம் ஊரார் பேச்சை ஊராருக்கு இணைத்துக் கொடுத்தவள், ஓய்வு பெற்று, அம்மாவும் போன பிறகு, காலையில் பேசாமல் மூடிய வாயை மாலையில் வாசிப்புக் குழுவில்தான் திறந்தாள். கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு ஆகாமலே போயிற்று. அதைப் பற்றிப் பேச்சு எடுக்கிறவர்களும் இப்போது இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாள் விடிந்ததும் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டால் எப்படி இருக்கும். முதல் வாரம் முழுக்க ருக்குமணி அந்தச் சத்தத்துக்காகவே விழித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

வடிவம்மாள் பெரியவரின் தங்கை. சின்ன வயதில் தாலியறுத்து அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். நாவலில் அவளுக்கு உள்ள வேலை, குதிரிலிருந்து நெல் அளந்து கொடுப்பதும் வந்தவர்களுக்கு மோர் கொண்டுவந்து வைப்பதும்தான். புத்தகக் கணக்கில் அவளுக்கு ஐம்பது வயது, பிறந்த காலத்தைப் பார்த்தால் ருக்குமணியின் பாட்டிக்கும் மூத்தவள். எது சரி என்று தெரியாததால் இருவரும் ஒருவரை ஒருவர் அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். மாலையில் வாசிப்பு நடக்கும்போது வடிவம்மாள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று கேட்பாள், முடிந்ததும் குறை சொல்வாள். "மோர் கொண்டு வந்தாள்னு போட்டிருக்கான் பாருக்கா. அந்தப் பஞ்சத்துல மோருக்கு எங்க போறது? அது நீராகாரம்." இன்னொரு நாள், "எங்கண்ணன் மதகுல நின்னு அழுதார்னு எழுதியிருக்கான்ல? நானும் பக்கத்துல நின்னுதான் அழுதேன். அது அவன் கண்ணுல படல போல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ருக்குமணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் அவள் ஒரு வாசகியில்லையா, கிடைத்த சந்தர்ப்பத்தை விடாமல், பெரியவர் உண்மையில் கோபக்காரரா, கடைசிப் பையன் அந்த ஓடக்காரன் மகளை நிஜமாகவே விரும்பினானா, குஞ்சரம் ஏன் மாமனாரோடு பேசுவதில்லை என்று தோண்டித் தோண்டிக் கேட்பாள், வடிவம்மாளும் அரிசி களைந்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் விவரமாகப் பதில் சொல்வாள்.

வாசிக்கிறதெல்லாம் வந்தவர்களுக்கு நடக்கிறது என்பது குளிர்காய்ச்சல் அத்தியாயத்தில் தெரிந்தது. சனங்களுக்குக் காய்ச்சல் கண்டது என்று மாலையில் ஒருவர் வாசித்தார். காலையில் எட்டு வீட்டில் கசாயம் கொதித்தது, எருமைக்குக்கூட மூக்கு காய்ந்துபோயிற்று. நாலு அத்தியாயம் தள்ளி, காய்ச்சல் விட்டது என்று வாசிக்கும்வரை எந்த மாத்திரைக்கும் அது அடங்கவில்லை. அதற்கு மேல் எல்லோரும் வாசிப்பதையே பயபக்தியோடு செய்தார்கள். குரலைத் தணித்து வாசித்தார்கள், சாவு வருகிற இடத்தில் நிறுத்தி, சம்பந்தப்பட்ட வீட்டுக்காரரிடம் ஆகட்டுமா என்று கேட்டுவிட்டு வாசித்தார்கள். மணியக்காரர் போனபோது அப்படித்தான் கேட்டார்கள். மதுரைக்காரர் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "வாசிங்க, பாவம் ரொம்ப இழுத்துக்கிட்டுக் கெடக்கார்" என்றார்.

அதற்கு மறுநாள்தான் ருக்குமணி செய்யக் கூடாததைச் செய்தாள். முந்திப் போய்ப் படித்தாள். இந்த நாவலை இருபது வயதில் ஒரு முறை மூச்சு விடாமல் படித்திருக்கிறாள், பெரியவர் என்ன ஆனார், காதல் என்ன ஆயிற்று என்பதெல்லாம் நினைவில் இருந்தது, வடிவம்மாள் என்ன ஆனாள் என்பது மட்டும் எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மத்தியானம் முழுக்கப் பக்கம் பக்கமாகத் தேடி, கடைசியில் அவளுடைய முறையில் வாசிக்க வேண்டிய அத்தியாயத்திலேயே அதைக் கண்டுபிடித்தாள். 'தை கழிவதற்குள் வடிவம்மாளும் போய்ச் சேர, கிணற்றில் மறுபடியும் ஊற்றுக்கண் திறந்தது.' அவ்வளவுதான். என்ன நோய், எங்கே கிடந்தாள், யார் பக்கத்தில் இருந்தார்கள், ஒன்றும் இல்லை. கிணற்றைச் சொல்ல வந்த வரியில் வழியில் கிடந்த கல்லைத் தள்ளுகிற மாதிரி அவளைத் தள்ளிவிட்டுப் போயிருந்தான் எழுதினவன். இருபது வயதில் அந்த வரியைத் தாண்டித்தான் அவளும் போயிருக்கிறாள், கண்ணில்கூடப் படவில்லை.

அவளுடைய முறை வந்தது. தொண்டை கட்டிக்கொண்டது என்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள். இன்னும் சரியாகவில்லை என்றாள், இன்னும் காத்திருந்தார்கள். ஆனால் முந்தின அத்தியாயம் குஞ்சரத்துக்கு வலி கண்ட இடத்தில் முடிந்திருந்தது, பிள்ளை பிறப்பது ருக்குமணியின் அத்தியாயத்தில் இருந்தது. மேலப்பாளையத்தில் குஞ்சரம் பாயைப் பிறாண்டிக்கொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், டாக்டரம்மா பார்த்துவிட்டு, வலியும் நிற்கவில்லை பிள்ளையும் இறங்கவில்லை, இது எங்கள் கையில் இல்லை, உங்கள் குழுவில் யாரையாவது கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நஸீமா கூப்பிட்டாள். "யக்கா, அவளுக்குத் தண்ணிகூட எறங்க மாட்டேங்கு. மாமி ஓதி ஓதி ஊதுதாங்க. நீங்க வாசிச்சாத்தானக்கா புள்ள வெளிய வரும்? சுக்கு வச்சுக் குடிங்க, மெதுவா வாசிங்க, கரகரன்னு இருந்தாலும் நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்." பின்னால் குஞ்சரத்தின் முனகல் கேட்டது. ருக்குமணி கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

அடுப்படியிலிருந்து வடிவம்மாள் கேட்டாள். "குஞ்சரத்துக்கு என்னவாம்?"

"இன்னும் வலி நிக்கலீங்க்கா."

"அப்ப வாசிக்க வேண்டியதுதான? உனக்குத் தொண்டை நல்லாத்தான இருக்கு. காலையில தக்காளிக்காரன்கிட்ட அந்தச் சத்தம் போட்ட." கொஞ்சம் பொறுத்து, "எனக்கு ஏதும் வருதா அதுல?" என்றாள்.

"உங்களுக்கு ஒண்ணும் வர்லீங்க்கா" என்றாள் ருக்குமணி.

சாயங்காலம் அருள்தாஸ் கூப்பிட்டார். அவர் யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர். "அக்கா, உங்களுக்கு முடியலன்னா சொல்லுங்க, இந்த ஒரு தடவ முறைய மாத்தி நான் வாசிச்சிருதேன். அந்தப் புள்ள படுத பாடு பாக்க முடியல" என்றார். அவர் வாசித்தால் ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். "வேண்டாமுங்க, நானே வாசிக்கறேன். எல்லாத்தையும் கூப்புடுங்க" என்றாள்.

அத்தியாயத்தை அவள் நிதானமாகத்தான் வாசித்தாள். அந்த இடம் வந்தபோது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 'தை கழிவதற்குள் கிணற்றில் மறுபடியும் ஊற்றுக்கண் திறந்தது' என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அப்பாடா, தண்ணீர் வந்துவிட்டது என்று பெருமூச்சு விட்டார்கள். அத்தியாயம் முடிவதற்குள் மேலப்பாளையத்திலிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது, ஆண் பிள்ளை. நஸீமா சிரித்துக்கொண்டே அழுதாள். ருக்குமணி அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். வடிவம்மாள் நிலையில் சாய்ந்தபடி, "குஞ்சரம் பொழச்சுட்டா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ருக்குமணி எழுந்துபோய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அதற்குமுன் அவள் யாரையும் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை.

கொஞ்ச நாள் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. இருவரும் ஒரே தட்டில் முறுக்கு வைத்துத் தின்றார்கள், திண்டல் கோயிலுக்குப் போன பழனாத்தாள் வீட்டுக் காரில் இடம் பிடித்து முருகனைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பிறகு மழை அத்தியாயம் வந்தது. நாவலில் மழை கொட்டியது, மறுநாள் எல்லோர் வீட்டு விருந்தாளியும் சொட்டச் சொட்ட நனைந்து நின்றார்கள், எருமை நாலாவது மாடி முழுக்க உதறித் தள்ளியது. வடிவம்மாள் மட்டும் நனையவில்லை. முற்றத்தில் போய்க் கையை நீட்டி நின்றாள், கை காய்ந்தே இருந்தது. அதற்கடுத்து விதைப்பு வந்தது, எல்லோர் கையிலும் சேற்று வாசம் அடித்தது, அவள் கையில் இல்லை. அவளைப் பற்றி இனி ஒரு வரியும் அந்தப் புத்தகத்தில் கிடையாது. எழுதினவனுக்கு அவள் செத்து வெகுநாளாயிற்று. முதலில் பசி நின்றது. பிறகு தூக்கம் நின்றது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகக் குறைந்தது, குறை சொல்வதும் நின்றது, மாலையில் நிலையில் சாய்ந்து நிற்பவள் எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் நின்றாள்.

அண்ணனைப் பார்த்தால் தெளிவாள் என்று நினைத்து ருக்குமணி ஈப்போவுக்குக் காணொளியில் கூப்பிட்டாள். சபாபதி பெரியவரைத் திரை முன்னால் உட்காரவைத்தார். வடிவம்மாள் திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய், எங்கிருந்தோ ஒரு சொல்லைத் தேடி எடுத்து, "அண்ணே" என்றாள். பெரியவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு சபாபதி பக்கம் திரும்பி, "யாரு இந்தம்மா? நம்ம பக்கத்து ஆளு மாதிரி இருக்கே" என்று கேட்டார். சபாபதி அவசரமாகக் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அந்த 'அண்ணே'தான் வடிவம்மாள் பேசிய கடைசிச் சொல். அதற்குமேல் உட்காரவைத்தால் உட்கார்ந்தாள், நிறுத்தினால் நின்றாள், கண் திறந்தே இருந்தது.

கடைசி அத்தியாயம் நெருங்கிவிட்டது. அதில் எல்லோரும் ஊருக்குத் திரும்புகிறார்கள். குஞ்சரம் பிள்ளையை ஏணைத் துணியில் சுற்றத் தொடங்கிவிட்டாள், மற்ற வீடுகளிலும் மூட்டை கட்டியாயிற்று. திரும்புகிறவர்களில் வடிவம்மாள் இல்லை. எல்லோரும் போன பிறகும் இவள் மட்டும் இப்படியே, சுவர் மூலையில் சாத்திய பாய் மாதிரி, ருக்குமணி செத்த பிறகும் இந்த வீட்டில் நிற்பாள். உயிரைக் கொடுத்துவிட்டோம் என்று ருக்குமணி நினைத்திருந்தாள். சாவைத்தான் பிடுங்கிவைத்திருக்கிறாள், அதற்கு மேல் கொடுக்க அவள் கையில் ஒன்றும் இல்லை.

குழுவைக் காலையிலேயே கூடச் சொன்னாள். எல்லோரும் வந்ததும், "நான் ஒரு வரி முழுங்கிட்டனுங்க" என்றாள். அருள்தாஸ்தான் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. நான் ஒருத்தன்தான் இன்னும் புத்தகத்தத் தொறந்து வச்சுட்டுக் கேக்கேன். வரி போனதும் தெரிஞ்சுது, அது உங்க வீட்டு ஆளுன்னும் தெரிஞ்சுது. எப்படிச் சொல்ல முடியும், சொல்லுங்க? வாய மூடிட்டு இருந்துட்டேன். நானும் சேந்துதான் பண்ணியிருக்கேன்."

"அன்னிக்கு ஆகட்டுமான்னு கேட்டிருந்தாச் சம்மதம் குடுத்திருக்க மாட்டனுங்க" என்றாள் ருக்குமணி. "இப்பக் குடுத்தர்றேன்."

எல்லோரும் புத்தகத்தை எடுத்துத் திறக்கிற சத்தம் ஒவ்வொரு ஊரிலிருந்தும் கேட்டது. ஆகட்டுமா என்று அவளைக் கேட்க யாருக்கும் துணிவில்லை. ருக்குமணி வடிவம்மாளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, தலையை வாரிவிட்டு, அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 'தை கழிவதற்குள்' என்று தொடங்கினாள். அந்தக் கையில் சூடு வந்தது. அடுத்த சொல்லை, இத்தனை காலம் வாசித்ததிலேயே மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "வடிவம்மாளும்" என்று வாசித்தாள். தன் பேர் கேட்டதும் வடிவம்மாள் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் ஆள் வந்திருந்தது. கூப்பிட்டாயா என்று கேட்பதுபோல் முகம் மலர்ந்தது, வாய் திறந்தது. அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாமா என்று ருக்குமணி நினைத்தாள். நினைத்துக்கொண்டே மிச்ச இரண்டு சொல்லையும் வாசித்தாள்.

பழனாத்தாள்தான் முதலில் ஓடிவந்தாள். கோடித்துணி எடுத்து, குளிப்பாட்டி, வாசலில் கட்டிலைப் போட்டு, வீதிப் பொம்பிளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ருக்குமணி மூடாமல் வைத்திருந்த கைப்பேசியில் மொத்தக் குழுவும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கத்தில் ஒப்பாரி சொல்வதற்குப் பேர் போனவள் பழனாத்தாள். அவள் இழுத்துப் பாட ஆரம்பிக்கும் முன்னால் வழக்கப்படி விவரம் கேட்டாள்.

"அம்மணி, இவங்களைக் கட்டிக்குடுத்த ஊரு எது?"

ருக்குமணி நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, ஊட்டுக்காரரு பேரு?" என்றாள் பழனாத்தாள். "வயித்துல ஒண்ணு கிண்ணு தங்கி அழிஞ்சுதா? அதையெல்லாம் சொல்லித்தானுங்களே அழோணும்."

ருக்குமணி வாயைத் திறந்தாள். பெரியவரின் கோபம் தெரியும், கடைசிப் பையனின் காதல் தெரியும், குஞ்சரம் ஏன் மாமனாரோடு பேசவில்லை என்பது தெரியும். அத்தனையும் இவள் வாயால் சொல்லிக் கேட்டதுதான். "கேக்கலீங்களே" என்றாள். "அவனும் எழுதுல, நானும் கேக்கலீங்களே. பக்கத்துலயேதான் இருந்தாங்க, ஒரு வார்த்த கேக்கலீங்களே" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். கைப்பேசியில் யாரோ புத்தகத்தைப் புரட்டித் தேடுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஒப்பாரி சொல்ல வந்தவர்கள் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி எழுந்துகொண்டார்கள்.